ஓய்ந்திருக்கையில் ஓடும் மின்சாரம்

அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோதும், அவருக்குப் பின் கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிப் பார்த்தபோதும், மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட பொருள்களில் ரோமானியர் நாட்டுப் பானை ஓடுகளோடு ஆராய்ச்சியாளரின் கருத்தை ஈர்த்தவை மணிகள். முழுதும் செய்து முடிந்த மணிகள் மட்டுமல்லாமல், பாதி தேய்த்தவை, இன்னும் துளையிடாதவை என்று தொழிலின் பல படிகளில் நின்றுபோனவையும் அங்கே கிடைத்தமையால், அவ்விடம் வெறும் சந்தையன்று, மணிகள் உருவான தொழிற்கூடமும்கூட என்று அவர்களால் நிர்ணயிக்க முடிந்தது. அந்தத் தொழிலாளிக்குத் தன் சரக்கின் தோஷம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். விரிசல் விழுந்த மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே ஒதுக்கியிருப்பான். மணியைக் காட்டிலும் சிறிய சிலிக்கான் துண்டில் ஒரு நகரத்தையே கட்டியெழுப்பும் நம் காலத்துத் தொழிலாளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

லட்சக்கணக்கிலும் இப்போது கோடிக்கணக்கிலும் டிரான்ஸிஸ்டர்களை அமைத்து, தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உலோகக் கம்பிகளால் அவற்றைப் பிணைத்து, கறுப்புப் பிசினுக்குள் அடைத்து, கால்களை மட்டும் வெளியே நீட்டி விற்பதுதான் ஐ.சி. என்றும் சிப் என்றும் நாம் வழங்கும் தொகுப்புச் சுற்று. அது உருவாகும் கூடத்தின் காற்றை எத்தனை முறை வடிகட்டினாலும் எங்கோ ஒரு துகள் வந்து படிந்துவிடுகிறது. அதனால் தொடக்கூடாத இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்கின்றன. அல்லது டிரான்ஸிஸ்டரின் வாயில் முனைக்கு அடியில் விரிந்திருக்கும், சுமார் 4 நானோமீட்டர் கனமே உள்ள காப்புப் படலத்தில் ஓர் ஊசித்துளை விழுந்துவிடுகிறது. இந்த ஊனத்தை, உறையைப் பிளக்காமல், வெளியே தெரியும் கால்களைக் கொண்டே அறிவது எவ்வாறு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் எவருக்கும் தோன்றும் உபாயம், சிப்பிடம் கேள்வி கேட்டு விடை வாங்குவது. உள்ளீட்டுக் கால்களில் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசையைக் கொடுத்து, வெளியீட்டுக் கால்களில் வரவேண்டிய விடை வருகிறதா என்று ஒப்பிடும் இந்தப் பரீட்சைக்கு, 1959-இல் எல்ட்ரெட் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒரு கோட்பாடு ஆதாரமாக நிற்கிறது. உள்ளேயிருக்கும் ஒவ்வொரு கம்பியும் பூஜ்யத்திலோ ஒன்றிலோ ஒட்டிக்கொண்டு அசைய மறுப்பதாகப் பாவித்து, அவ்வாறு பாவித்த பழுது ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கக்கூடிய கேள்வியைத் தேடித் தொகுப்பதே அதன் சாரம். உலகெங்கும் சிப் தொழில் இன்றளவும் அதை நம்பித்தான் நடக்கிறது; நம்பத் தகுந்ததுமாகும். ஆயினும் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. பழுதைத் தூண்டினால் மட்டும் போதாது. அதன் விளைவை இடையிலுள்ள கேட்டு என்னும் தர்க்க உறுப்புகளையெல்லாம் கடத்தி வெளியீட்டுக் கால்வரை கொண்டுவந்து சேர்க்கவேண்டும். மற்றது இதனினும் பெரிது: இரண்டு கம்பிகளின் தொடர்பு மெலிந்ததாக இருந்தால் மின்னழுத்தம் சிறிதே தளரும்; ஒன்று என்பது ஒன்றாகவும், பூஜ்யம் என்பது பூஜ்யமாகவுமே நீடிக்கும்; எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை சொல்லித் தேறிவிட்ட அந்தச் சிப், ஆறு மாதம் கழித்து, எவருடைய கையிலோ இருக்கும்போது, செயலிழக்கும்.

இந்த இடத்தில்தான் சிமாஸ் என்னும் சுற்று வகையின் குணவிசேஷம் ஒன்று நமக்குத் துணை செய்கிறது. 1963-ஆம் ஆண்டில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ், சா என்னும் தம் சகாவுடன் சேர்ந்து வெளியிட்ட இந்த அமைப்பில், ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் ஒன்றற்கொன்று எதிரிடையான இரண்டு டிரான்ஸிஸ்டர் அணிகள் உண்டு. மேலணி வெளியீட்டை மின்வழங்கியின் பக்கம் இழுக்கும், கீழணி அதைத் தரையின் பக்கம் இழுக்கும். ஓரணி திறந்திருக்கையில் மற்றது அடைபட்டிருக்கும்படி அமைத்திருப்பதால், பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கோ ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கோ மாறும் அந்தக் கணப்பொழுதில் மட்டுமே மின்சாரம் பாய்ந்து, மாறி முடிந்து நிலைத்த பிறகு, வழங்கியிலிருந்து தரைக்குச் செல்லும் பாதை எங்குமே இல்லாமற் போகிறது. எஞ்சுவது நானோ ஆம்பியர்க் கணக்கிலான கசிவு. ஒரு கடிகாரம் சின்னஞ்சிறு பாட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கும், மார்புக்குள் பதித்த இதயமுடுக்கி பாட்டரி மாற்றாமல் பல ஆண்டுகள் துடிப்பூட்டுவதற்கும் இந்த ஓய்வின் சிக்கனமே காரணம்.

இனி நியாயத்தை மேலே நடத்திப் பார்ப்போம். பழுதற்ற சிப் ஓய்ந்திருக்கும்போது மின்சாரம் அநேகமாக ஓடாது என்றால், ஓய்ந்திருக்கும் சிப்பில் மின்சாரம் ஓடுமானால் உள்ளே எங்கோ இருக்கக்கூடாத ஒரு பாதை இருக்கிறது. வீட்டில் விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கும்போதும் மின்மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தால், கடற்காற்றின் ஈரம் ஏறிய சுவருக்குள் எங்கோ கசிவிருக்கிறது என்று மின்பணியாளர் சொல்லுவதும் இதே நியாயந்தான். சிப் துறையில் இதற்கு ஐ.டி.டி.கியூ. பரீட்சை என்று பெயர். ஓய்வு நிலையில் மின்வழங்கியிலிருந்து சிப் இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பது என்பதற்கு மேல் அதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிற வாசகர், எந்த மின்னணு உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும் சி.டி. 4011 என்ற ஐ.சி. ஒன்றும், 9 வோல்ட் பாட்டரி ஒன்றும், 200 மைக்ரோ ஆம்பியர் வீச்சுள்ள மல்டிமீட்டரும், துளைப்பலகையும், ஒரு லட்சம் ஓம் மின்தடை ஒன்றும் வாங்கிக்கொள்ளட்டும். 4011-க்குள் நான்கு நேண்ட் கேட்டுகள் இருக்கின்றன; இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பூஜ்யமும், மற்றபோதெல்லாம் ஒன்றும் தருவது நேண்ட். பதினான்காம் கால் மின்வழங்கிக்கு, ஏழாம் கால் தரைக்கு. பாட்டரியின் நேர்முனைக்கும் பதினான்காம் காலுக்கும் நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, 1, 2 ஆகிய கால்களைத் தரையோடும், 5, 6 ஆகியவற்றைப் பதினான்காம் காலோடும், மிச்சமுள்ள உள்ளீடுகளான 8, 9, 12, 13 ஆகியவற்றைத் தரையோடும் சேர்க்கவேண்டும். முதற்கேட்டின் வெளியீடான மூன்றாம் காலில் ஒன்றும், இரண்டாம் கேட்டின் வெளியீடான நான்காம் காலில் பூஜ்யமும் நிற்கும். மீட்டரோ பூஜ்யத்தையோ அதற்கு அடுத்த கடைசி இலக்கத்தையோதான் காட்டும். 10 வோல்ட்டில், சாதாரண வெப்பநிலையில், அரை மைக்ரோ ஆம்பியருக்கு மேற்படலாகாது என்று தயாரிப்பாளரின் தகவல் தாளே உச்சவரம்பு விதிக்கிறது.

இப்போது அடுத்தடுத்து நிற்கும் மூன்றாம் காலையும் நான்காம் காலையும் அந்த ஒரு லட்சம் ஓம் மின்தடையால் இணைத்துவிடுவோம். தொடக்கூடாத கம்பிகள் மெலிதாகத் தொட்டுக்கொண்ட பழுதுக்கு இது நாம் செயற்கையாக உண்டாக்கிய பிரதி. இன்னொரு மீட்டரால் மூன்றாம் காலின் மின்னழுத்தத்தைப் பார்த்தால் 9 வோல்ட்டில் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேல் குறைந்திராது. நான்காம் காலும் பூஜ்யத்தை விட்டு எழுந்திராது. கேள்விக்கு விடை சரியே, தர்க்கப் பரீட்சையில் இந்த ஐ.சி. ஐயத்துக்கிடமின்றித் தேறிவிடும். ஆனால் வோல்ட் பார்த்த மீட்டரை எடுத்துவிட்டு (எடுக்காவிட்டால் அதுவே சில மைக்ரோ ஆம்பியரைக் குடித்துக் கணக்கைக் குழப்பிவிடும்) மின்னோட்ட மீட்டரைப் பார்த்தால், பூஜ்யம் நின்ற இடத்தில் ஏறத்தாழ 90 மைக்ரோ ஆம்பியர் நிற்கும். மின்னழுத்தத்தின் சாட்சியத்தில் நூற்றில் ஓரிரு பங்குக்கு மேல் மாறாதது, மின்னோட்டத்தின் சாட்சியத்தில் நூறு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. இந்த முறையின் பெருமை முழுவதும் அந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

மின்தடையை எடுக்காமலே 5, 6 ஆகிய கால்களை மட்டும் தரைக்கு மாற்றினால் இன்னொரு பாடம் கிடைக்கும். நான்காம் காலும் ஒன்றுக்கு ஏறிவிடுவதால் மின்தடையின் இருமுனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் நின்று, மின்னோட்டம் மீண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பழுது அங்கேயே இருக்கிறது. ஆனால் நாம் அதைத் தூண்டவில்லை. ஆகவே எந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அளந்தாலும் போதும் என்பதில்லை. தொட்டுக்கொண்டிருக்கக்கூடிய இரண்டு கம்பிகளை எதிரெதிர் நிலையில் நிறுத்தும் கேள்வியாக அது இருக்கவேண்டும். அவ்வாறு நிறுத்திவிட்டால், விளைவை வெளியீட்டுக் கால்வரை கடத்தும் பிரயாசை முற்றிலும் மிச்சமாகிறது. மின்வழங்கிக் கால் எல்லாக் கேட்டுகளுக்கும் பொதுவானதாகையால், சிப்பின் எந்த மூலையில் நடக்கும் கசிவும் தானாகவே அங்கு வந்து பதிவாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான கேள்விகளால் தர்க்கப் பரீட்சை தேடுவதில் பெரும்பகுதியைத் தக்கபடி தெரிந்தெடுத்த சில டஜன் அளவைகளால் பிடித்துவிடலாம் என்பதற்குக் காரணம் இதுவே. கால்களை மாற்றும்போது ஐந்தாவதையோ ஆறாவதையோ எங்கும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டால் மீட்டர் எல்லை மீறி இடப்பக்கத்தில் ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் காட்டி நிற்கவுங்கூடும். அந்தரத்தில் நிற்கும் உள்ளீடு மேலணியையும் கீழணியையும் ஒருங்கே பாதி திறந்துவிடுகிறது. அறுந்துபோன கம்பி எனும் வேறொரு பழுதின் லக்ஷணம் அது.

இவ்வளவு எளிய கருத்து சாஸ்திரமாக ஸ்தாபிதமாவதற்குச் சிமாஸ் பிறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் சர்வதேசப் பரீட்சை மாநாட்டில் 1981-இல் லெவி என்பவர், பரீட்சிப்பதற்கு எல்லாவற்றிலும் உகந்தது சிமாஸே என்று வாதித்துக் கட்டுரை படித்தார். அடுத்த ஆண்டே, அதே மாநாட்டில், இந்தியரான யஷ்வந்த் மலையாவும் ஸ்டீஃபன் சூவும் சிமாஸின் பழுதுகளுக்கு ஒரு புதிய மாதிரியையும், அவற்றை மின்னோட்டத்தால் காணும் முறையையும் ஒழுங்குற வகுத்துக் கொடுத்தனர். பின்னர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மலையாவோடு அனுர ஜயசுமணவும் ரோசித் ராஜ்சுமனும் சேர்ந்து இதை வளர்த்தனர். 1995-இல் ராஜ்சுமன் இந்தப் பொருளுக்கென்றே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நம் உபகண்டத்தவரின் பெயர்கள் ஒரு விஞ்ஞானத் துறையின் தொடக்கப் பக்கங்களிலேயே இவ்வளவு அடர்த்தியாகக் காணப்படுவது அபூர்வம். நம் பாடநூல்கள் இவர்களைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

மற்றொரு பெருந்துணை நியூ மெக்ஸிகோவிலிருந்து வந்தது. சான்டியா தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜெர்ரி சோடனும், நியூ மெக்ஸிகோப் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஹாக்கின்ஸும், காப்புப் படலத்தில் விழும் ஊசித்துளையை 1980-களின் நடுவில் தீர ஆராய்ந்தனர். அத்தகைய துளையுள்ள சிப் தர்க்கப் பரீட்சையில் பலவேளை தேறிவிடுகிறது என்பதையும், ஓய்வு மின்னோட்டத்தில் அது அகப்பட்டுக்கொள்கிறது என்பதையும், நாளாவட்டத்தில் அந்தத் துளை வளர்ந்து சிப்பைக் கெடுக்கிறது என்பதையும் அவர்கள் காட்டிய பிறகுதான், விலை மலிவுக்காகவன்றி நம்பகத்துக்காக இந்த முறையைக் கைக்கொள்ளவேண்டும் என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது.

ஆனால் தொழிற்சாலைக்காரருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை சொல்லி, சற்றே கூடுதலாக மின்சாரம் இழுக்கும் சிப்பைக் குப்பையில் போடுவதா, விற்பதா? 1990-களில் செமாடெக் என்ற அமெரிக்கக் கூட்டமைப்பு, ஐ.பி.எம். தயாரித்த ஒரே வகைச் சிப்புகளைப் பெருந்தொகையில் எடுத்துக்கொண்டு, ஒட்டிநிற்கும் பழுது, செயல், தாமதம், ஓய்வு மின்னோட்டம் என்று நான்கு வகையாலும் பரீட்சித்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் மற்றவை காணாத சிலவற்றைக் கண்டது. ஓய்வு மின்னோட்டத்தில் மட்டுமே தவறியவையும் கணிசமாக இருந்தன. அவற்றுள் பலவும் வேறெந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை. அவை உண்மையில் நல்லவை, அவற்றைக் கழிப்பது நஷ்டம் என்றனர் ஒரு சாரார். அவை இன்னும் வெளிப்படாத நோயாளிகள் என்றனர் மற்றொரு சாரார். பொம்மைக்குள் போகும் சிப்பானால் முன்னவர் கட்சியை நானும் ஒப்புவேன். இதயத்துக்குள்ளும், வாகனத்தின் பிரேக்குக்குள்ளும், திரும்பப் போய்ப் பழுதுபார்க்க முடியாத செயற்கைக்கோளுக்குள்ளும் போகும் சிப்பானால் ஐயத்தின் பலனைச் சிப்புக்குக் கொடுக்கலாகாது. அதை நம்பி இருக்கும் மனிதனுக்கே கொடுக்கவேண்டும்.

இந்த விவாதம் தீர்வதற்குள் இயற்கையே வேறொரு தடையைக் கொண்டுவந்து நிறுத்தியது. டிரான்ஸிஸ்டர்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க, மின்வழங்கியையும் 5 வோல்ட்டிலிருந்து 3.3 என்றும், 1.8 என்றும், ஒரு வோல்ட் என்றும் இறக்கவேண்டியதாயிற்று. அத்துடன் டிரான்ஸிஸ்டர் திறக்கத் தொடங்கும் வாசல் மின்னழுத்தத்தையும் தாழ்த்தவேண்டியதாயிற்று. அந்த வாசலை ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட் தாழ்த்தினால் அடைபட்ட டிரான்ஸிஸ்டரின் கசிவு பத்து மடங்காகிறது என்பது பௌதிக விதி. கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களின் கசிவும் சேர்ந்து, பெரிய கணினிச் சிப்புகளில் ஓய்வு மின்னோட்டமே ஆம்பியர்க் கணக்கை எட்டியபோது, பழுது ஒன்றின் 90 மைக்ரோ ஆம்பியர் அதில் எங்கே தெரியப்போகிறது? நல்ல சிப்புக்கும் கெட்ட சிப்புக்கும் நடுவே முன்பு கோடு போட்டாற்போலிருந்த இடைவெளி மறைந்துபோயிற்று.

அறிஞர்கள் கைகட்டி நிற்கவில்லை. சிப்பைக் குளிர்வித்து அளந்து பார்த்தனர். ஒரே சிலிக்கான் தகட்டில் பக்கத்திலிருந்த சிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். எனக்கு மிகவும் பிடித்தது 1990-களின் பிற்பகுதியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஆன் கட்டைக்கரும் வொய்சியெக் மாலியும் முன்வைத்த யோசனை. மின்னோட்டத்தின் அளவு எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, கேள்விக்குக் கேள்வி அது எவ்வாறு மாறுகிறது என்று அவர்கள் கேட்டனர். பல கேள்விகளில் எடுத்த அளவைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், பழுதற்ற சிப்பில் அவை வழுக்கலாக ஏறிச் செல்லும். பழுதுள்ள சிப்பிலோ, பழுதைத் தூண்டாத கேள்விகள் ஒரு மட்டத்திலும் தூண்டிய கேள்விகள் மற்றொரு மட்டத்திலும் நின்று, நடுவே படிக்கட்டுப்போல் ஒரு பிளவு தோன்றும். 4011-இல் கால்களை மாற்றியபோது 90-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நாம் கண்ட தாவல்தான் அது. கசிவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அத்தாவலின் உயரம் மாறுவதில்லை. ஆயினும் கசிவு அளவுகடந்து பெருகிய சிப்புகளில் இதற்கும் எல்லை வந்துவிடுகிறது. ஆகவே மிக நுண்ணிய தலைமுறைச் சிப்புகளில் இந்த முறை பின்தள்ளப்பட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் நாட்டு நிலைமை வேறு. மொகாலியில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1989-இல் பெருந்தீயால் அழிந்து, மீண்டும் எழுந்த செமிகண்டக்டர் ஆய்வுக்கூடம் இன்று சிப் செய்வது 180 நானோமீட்டர் அளவில். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் உருவான சக்தி வரிசைச் செயலிகளுள் ஒன்று 2018-இல் அங்குதான் சிப்பாக வார்க்கப்பட்டது. 2009 முதல் இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் பறந்துவரும் விக்ரம் 1601-க்கு அடுத்ததாக, 2025-இல் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட 32 பிட் விக்ரம் 3201-உம் அங்கேயே, அதே 180 நானோமீட்டரில் பிறந்தது. இந்த அளவில் வாசல் மின்னழுத்தம் இன்னும் உயர்ந்தே இருக்கிறது, கசிவு சிறிது, நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவிலுள்ள இடைவெளி இன்னும் அழியவில்லை. விண்வெளித் தரத்துக்குரிய சிப்புகளை 125 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 240 மணி நேரம் மின்சாரம் ஊட்டிப் புழுங்கவைத்து, அதற்கு முன்னும் பின்னும் அளந்து, ஓய்வு மின்னோட்டம் போன்ற அளவைகள் வரம்புக்கு மேல் நகர்ந்த சிப்பைக் கழித்துவிடுவது சர்வதேச வழக்கம். விண்வெளிக் கதிர்வீச்சு காப்புப் படலத்தில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தும்போது அதை முன்னதாகத் தெரிவிக்கும் சாட்சிகளில் ஒன்றும் இந்த மின்னோட்டமே. பிறநாட்டார் பின்தள்ளிய முறை என்று நாமும் தள்ளிவிடுவோமானால், நமக்குப் பயன்படும் ஒன்றை அவர்களுடைய காரணத்துக்காக இழப்பவர்களாவோம்.

அரியாங்குப்பத்திலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் மறைமலைநகரைக் கடந்தே போகிறார்கள். சிப்புகளைக் கூடிட்டு, பரீட்சித்து அனுப்பும் ஸ்பெல் என்ற தொழிற்சாலை 1980-களில் தோன்றியது அங்கேதான். குஜராத்தின் சாணந்திலும் அசாமின் ஜாகிரோடிலும் இப்போது இன்னும் பெரிய கூடங்கள் எழும்பியிருக்கின்றன. அங்கெல்லாம் மீட்டரின் முன் உட்காரப்போகிறவர்கள் நம் ஊர்ப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் இன்று படிக்கும் பிள்ளைகளே. அவர்களுடைய சோதனைக்கூடத்தில் நேண்ட் கேட்டின் உண்மைப் பட்டியலைச் சரிபார்த்து ஏட்டில் எழுதுவதோடு அன்றைய பாடம் முடிந்துவிடுகிறது. புதுச்சேரியின் இலாஸ்பேட்டையிலும் பிள்ளைச்சாவடியிலும் மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓய்வு மின்னோட்டத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள், பிறகு மாணவர் அறியாமல் ஒரு மின்தடையை வைத்துப் பழுது செய்துவிட்டு, எந்த வரியில் அது அகப்படுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.